ஆயிரத்துக்கு ஐம்பத்துச் சொச்சம்

இசக்கி மேடையேறிவிட்டாள், மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டாள், இனி கடைசி மணி அடிக்கிறவரை அவள் ராஜ்யம்தான், அதற்குள் அம்மாவை இந்த நாற்காலியிலிருந்து கிளப்பி வெளியே கொண்டுபோய்விட வேண்டும், ஆனால் எப்படி. தலைவலி என்று சொல்லிப் பார்த்தாயிற்று. வயிறு பிரட்டுகிறது என்று சொல்லிப் பார்த்தாயிற்று. “செத்த சும்மா இரிட்டி, உன் சேக்காளி பேசுதா, நீ எழுதிக் கொடுத்தத பேசுதா, கேக்க வேண்டாமா” என்று என் தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அங்கன்வாடிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற மாம்பழக் கலர் சேலையில் வந்திருக்கிறாள். வாசலில் வைத்தே சுகந்தி மிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஜெனோவா அம்மாவா, வாங்க வாங்க, கர்சீப் கொண்டாந்திருக்கீங்களா, கடைசில ஒரு அப்பா வருவாரு பாருங்க, நேத்து ரிகர்சல்ல நானே அழுதுட்டேன்” என்று சொன்னார். மிஸ் குரல் மூக்கில் கிளம்பி நெற்றியில் முடியும், நான் அதைத் தூக்கத்தில்கூடச் செய்வேன், ஆனால் அந்த ஒரு வாக்கியம் காதுக்குள் விழுந்ததிலிருந்து எனக்கு எந்தக் குரலும் வரவில்லை. ஏனென்றால் கடைசியில் வரப்போகிற அந்த அப்பா என் அப்பா. அவர் இப்போது ஒரிசா பக்கம் எங்கேயோ லாரியில் போய்க்கொண்டிருக்கிறார். அவர் எனக்கு மட்டும் சொன்னதை நான் இசக்கிக்கு மட்டும் சொன்னேன், இசக்கி இன்றைக்கு இந்த ஹாலுக்கே சொல்லப்போகிறாள், யார் காதில் மட்டும் விழக் கூடாது என்று அப்பா கேட்டுக்கொண்டாரோ அவள் என் பக்கத்தில் மல்லிகைப்பூ வாசத்தோடு உட்கார்ந்து, மேடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அங்கே நிற்க வேண்டியது நானல்லவா. நாடுகளை ஒப்பிட்டுப் பேசும் போட்டி என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டின அன்றைக்கே, நானும் இசக்கியும் ரெட்டையாகப் போவது என்று முடிவாகிவிட்டது. அவளிடம் எண்கள், என்னிடம் குரல்கள். எண்கள் மண்டையில் நிற்காது என்று அவள் அழுதபோது வழி கண்டுபிடித்ததும் நான்தான். ஒவ்வொரு நாட்டையும் நமக்குத் தெரிந்த ஒரு ஆளாக ஆக்கிவிடு, ஆள் பேசுகிற மாதிரி எண்ணைப் பேசு, அப்புறம் எப்படி மறக்கும். ஜப்பான்காரர்கள் எண்பத்து நாலு வயசு வரை இருக்கிறார்களா, சரி, ஜப்பான்தான் எங்கள் தெரு பெர்னாந்து மாமா, பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு எல்லார் சாவுக்கும் போய் வருகிறவர். அமெரிக்கா வைத்தியத்துக்கு எல்லாரையும்விட அதிகம் செலவழிக்கிறது, ஆனாலும் ஆயுசு கொஞ்சம் கம்மிதான், அது பலசரக்குக் கடை ராஜாமணி நாடார், நாளைக்கு ஒரு டாக்டர், வாய்க்கு ஒரு மாத்திரை. இலங்கை எங்கள் டியூஷன் அக்கா, கையில் காசு இல்லை, ஆனால் எல்லாம் படித்திருப்பாள். சந்தோஷத்தில் முதலிடம் பின்லாந்து என்றதும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஹாஸ்டல் வார்டன், என்று சொல்லிவிட்டு உருண்டோம், அந்தம்மா சிரித்து இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. அப்படிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் நான்தான் சும்மா இல்லாமல், காலை அசெம்பிளியில் ஆபீஸ் ரூம் மைக் திறந்து கிடக்கிறதே என்று, ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில், “அன்பார்ந்த மாணவச் செல்வங்களே, மழையை முன்னிட்டு” என்று ஆரம்பித்தேன். வெயில் கொளுத்துகிறது, பிள்ளைகள் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடிவிட்டார்கள், வாட்ச்மேன் கேட்டைத் திறந்தும் விட்டுவிட்டார், பின்னே அவருக்கு உத்தரவு வந்துவிட்டதே. அதற்கு இந்த வருஷம் முழுக்க எனக்கு மேடை கிடையாது. அதில் எனக்கு வருத்தமே இல்லை, சாமி சத்தியமாக. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைத் திட்டும்போதுகூட அடுத்த தடவை எங்கே மூச்சு விட வேண்டும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ போ இசக்கி, எல்லாரையும் எடுத்துக்கோ, பெர்னாந்து மாமா, வார்டன், நாடார், எல்லாரும் உனக்கு, அந்த ஒண்ணு மட்டும் வேண்டாம், என்று நானே சொன்னேன். “ச்சீ, அதப் போயி எடுப்பனாட்டி” என்றாள். இந்த வாயால்தான் சொன்னாள், இப்போது மைக்கில் “அவையோருக்கு வணக்கம்” சொல்கிற இதே வாயால்.

பெர்னாந்து மாமா வந்துவிட்டார். பரவாயில்லை, கொஞ்சம் வேகம். பல் இல்லாத ஆள் அவ்வளவு வேகமாகப் பேசமாட்டார், உதடு உள்ளே போய்த் திரும்பி வர நேரம் வேண்டும், அதை எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தேன், இருந்தும் ஹால் சிரிக்கிறது, முன்வரிசையில் மூன்று நடுவர்களில் நடு ஆள் மேஜையைத் தட்டுகிறார், அம்மா என் பக்கம் திரும்பி, “ஏட்டி, நம்ம மாமால்லா” என்று வாயைப் பொத்திக்கொள்கிறாள். நல்ல விஷயம், அம்மா சிரிக்கிறாள், சிரித்து முடித்தால் தாகம் எடுக்கும், தண்ணீர் குடிக்கப் போவோம் என்று சொல்லிப் பார்க்கலாம். “தண்ணி வேணுமாம்மா, வெளிய பானை இருக்கு.” “பாட்டில் கொண்டாந்திருக்கேன்.” ஆமாம், அம்மா எங்கே போனாலும் பாட்டிலோடுதான் போவாள். அப்பாவும் அப்படித்தான், லாரியில் மூன்று கேன் இருக்கும். என்னிடம்தான் எதுவும் தங்குவதில்லை, தண்ணீரும் சரி, சேதியும் சரி. யார் சொன்னதையும் என்னால் வயிற்றுக்குள் வைத்திருக்க முடியாது, வைத்திருந்தால் அது அவர்கள் குரலிலேயே உள்ளே பேசிக்கொண்டிருக்கும், வெளியே விட்டால்தான் அடங்கும். இதை இசக்கியிடம் சொன்னபோது, “அப்ப எங்கிட்ட விடு, நான் கெணறு” என்றாள். பெரிய கிணறு. இப்போது அமெரிக்கா. நாடார் குரலுக்கு அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள், அது நான் செய்வது, நாடார் இடுப்பைப் பிடிப்பதே இல்லை, அது நானாகச் சேர்த்தது. யாரையோ நடிக்கிறாள் என்று பார்த்தால் அவள் என்னை நடித்துக்கொண்டிருக்கிறாள். என் மூச்சு, என் நிறுத்தம், சிரிப்பு வரப்போகிற இடத்துக்கு முன்னால் நான் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பேனே அதுகூட. ஊரில் அத்தனை பேரையும் நான் செய்திருக்கிறேன், என்னை ஒருத்தி செய்து இப்போதுதான் பார்க்கிறேன். பார்க்க நன்றாக இல்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பூசை முடிந்து வந்து, அம்மா சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். அப்பா முற்றத்துக் குழாயடியில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். நான் வாசப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு நாடாகச் செய்துகாட்ட, அவர் தோள் குலுங்கச் சிரித்து, “ஏ மக்கா, நாடார் கேட்டாருன்னா கடன் குடுக்க மாட்டாரு” என்றார். பிறகு நான் குழந்தைச் சாவு பக்கம் போனேன். அதற்கு அப்போது குரல் எதுவும் கிடையாது, சும்மா நியூஸ் வாசிக்கிற மாதிரிதான் வாசித்தேன். பிறக்கிற ஆயிரம் பிள்ளைகளில் ஒரு வயசுக்குள் சாகிறவை, பின்லாந்தில் இரண்டு, ஜப்பானில் இரண்டு, இலங்கையில் ஒற்றை இலக்கம். இந்தியாவுக்கு இப்போதைய எண்ணைச் சொல்லிவிட்டு, எவ்வளவு குறைந்திருக்கிறது பாருங்கள் என்று காட்டுவதற்காகப் பழைய வருஷத்து எண்ணையும் சொன்னேன், ஆயிரத்துக்கு ஐம்பத்துச் சொச்சம். இறால் உரிக்கிற சத்தம் நின்றுவிட்டது. அப்பா தலையைத் தூக்காமல், “எந்த வருசம்னு சொன்ன” என்றார். நான் திரும்பச் சொன்னேன். அவர் விரலில் ஒட்டியிருந்த இறால் ஓட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அதுல ஒண்ணு நம்ம வீட்டுது மக்கா.” நான் சிரித்தேன், என்னவோ தமாஷ் என்று நினைத்து. “அந்த ஐம்பத்துச் சொச்சத்துல ஒண்ணு நம்ம வீட்டுது. உனக்கு முந்தி. பொட்டப்பிள்ள. பேரு கூட வைக்கல, ஞானஸ்நானம் குடுக்குததுக்கு முந்தியே போயிட்டு. ஆசுபத்திரில இருந்து நாந்தான் தூக்கிட்டு வந்தேன். பஸ்ஸுல வந்தேன். யாரும் கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னு தூங்குத பிள்ளய வச்சிருக்க மாதிரி தட்டிக் குடுத்துக்கிட்டே வந்தேன். பக்கத்துல இருந்த அம்மா ஒண்ணு, நல்லா ஒறங்குது, புண்ணியவான் பிள்ளன்னு சொல்லிச்சி.” அவ்வளவுதான். அவர் அழவில்லை. குரல் உடையவில்லை. டயர் பஞ்சர் ஆன இடத்தைச் சொல்கிற அதே குரல், அதுதான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் இன்னொன்றும் சொன்னார், அதை இசக்கிக்கு நான் சொல்லவில்லை. அது அம்மாவைப் பற்றியது.

அடுத்த நாள் காலை முழுக்க நான் யாரையும் செய்யவில்லை. கணக்கு வகுப்பில் பின் பெஞ்சு காத்துக்கொண்டே இருந்தது, கணக்கு சார் நாற்காலியை இழுக்கிற சத்தத்தைக்கூட நான் போடவில்லை. மதியச் சாப்பாட்டில் இசக்கி, “என்னட்டி, வாயில கொழுக்கட்டையா” என்றாள். சொல்லத்தான் நினைத்தேன், எனக்கு ஒரு அக்கா இருந்தாளாம், பிறந்து செத்துப்போனாளாம் என்று என் குரலில். வாயைத் திறந்தால் அப்பா வந்துவிட்டார். எந்த வருசம்னு சொன்ன, என்பதிலிருந்து பஸ் வரைக்கும் அப்படியே வந்தார், இறாலை உரிக்கிற விரல்கூட வந்தது. இசக்கி சோற்றுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், என் யூனிபார்ம் முதுகில் சாம்பார் கறை, அது போகவே இல்லை. அந்த அழுகை உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அழுதுகொண்டிருக்கும்போதே அவளுக்கு, இது நன்றாக இருக்கிறதே, என்று தோன்றியிருக்குமா. நேற்று அவள் வீட்டில் என்ன நடந்திருக்கும். கண்ணாடி முன்னால் நின்று என் அப்பாவை எத்தனை தடவை பேசிப் பார்த்திருப்பாள். இன்றைக்குக் காலையில் மிஸ் சொன்னதைக் கேட்டவுடன் அவளைக் கை கழுவுகிற இடத்தில் பிடித்தேன். “எடுக்க மாட்டேன்னு சொன்னல்லா.” அவள் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டே, “ஏட்டி, உங்கப்பா பேரயா சொல்லப்போறேன், இந்தியான்னுதான சொல்லுதேன்” என்றாள். “எங்கம்ம வந்திருக்கா.” “வரட்டுமே. உங்கம்மைக்கு மட்டும் தெரியும், அவ்வளவுதான, வேற யாருக்குத் தெரியப்போவுது.” “இசக்கி, அது எங்க வீட்டுது.” “எல்லா வீட்லயும் இருக்கும்ட்டி. எங்க சித்திக்கு இல்லையா. ஐம்பதுன்னா ஐம்பது வீடுல்லா. நீ என்னமோ உங்கப்பா ஒருத்தர்தான் பஸ்ஸுல வந்த மாதிரி.” அவள் சொல்வது சரியோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது, அதுதான் இன்னும் எரிகிறது. பிறகு அவள் தாழ்ந்த குரலில், “மிஸ் அதத்தான் முக்கியம்னு சொல்லிட்டாவ, நான் என்ன செய்ய, அது இல்லைன்னா வெறும் தமாஷாப் போயிருமாம்” என்றாள். வெறும் தமாஷ். பெர்னாந்து மாமா, வார்டன், நாடார், என் ராத்திரி பகல் எல்லாம் வெறும் தமாஷ்.

ஹால் சிரிப்பு அடங்குகிறது. வார்டன் முடிந்துவிட்டார். இசக்கி தண்ணீர் குடிக்கிறாள், அது ஒத்திகையில் இல்லாதது, அப்படியென்றால் அடுத்தது அதுதான், குரலை மாற்றிக்கொள்கிறாள். எழுந்து கத்தலாமா. ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில், போட்டி இத்துடன் ஒத்திவைக்கப்படுகிறது, என்று. ஜெனரேட்டர் நின்றுபோகிற சத்தம் போடலாமா. ஒரு குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம் எனக்கு நன்றாக வரும், ஒரு தடவை பேருந்தில் அழுது கண்டக்டரைத் தேட வைத்திருக்கிறேன். இல்லை, இன்றைக்கு அது வேண்டாம், எது வேண்டுமானாலும் அது வேண்டாம். மணி. நடுவர் மேஜையில் அந்தச் சின்னப் பித்தளை மணி, உச்சியில் அடித்தால் டிங் என்கிறது, முதல் மணிக்கு எச்சரிக்கை, இரண்டாம் மணிக்கு இறங்கிவிட வேண்டும், இல்லையென்றால் மதிப்பெண் போய்விடும். அதை முந்தின பேச்சாளருக்கு அடித்தபோதே நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி, டிங். வந்துவிட்டது, அச்சு அசலாக வந்துவிட்டது. மணியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் தன் கையையே சந்தேகமாகப் பார்க்கிறார். இன்னொரு டிங். இசக்கி நின்றுவிட்டாள். நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். இசக்கி அவர்களைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தாள். இத்தனை தலைக்கு நடுவில் குனிந்திருக்கிற என் முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள், வேறு யாருக்குத் தெரியும், என் மணியை அவளுக்குத்தானே தெரியும். நான் தலையைத் தூக்கினேன். வேண்டாம் இசக்கி என்று உதட்டை மட்டும் அசைத்தேன். அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள், என்னைப் போலவே, திறந்தபோது அவள் பார்வை நடுவர்கள் பக்கம் போயிருந்தது. “எந்த வருசம்னு சொன்ன, மக்கா” என்றாள்.

அப்பா இல்லை அது. தொண்டையில் கரகரப்பைப் போட்டுக்கொண்டு, நடுநடுவே விம்மிக்கொண்டு, சினிமா அப்பா. என் அப்பா விம்மவே இல்லை, அதுதானே விஷயம், இவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டு போனவள் அதையாவது சரியாக எடுக்கக் கூடாதா. ஆனால் வார்த்தைகள் அவருடையவை. அதுல ஒண்ணு நம்ம வீட்டுது மக்கா. ஹாலில் மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. நான் அம்மாவைப் பார்க்கவில்லை, முன்னால் இருக்கிற நாற்காலியின் முதுகில் யாரோ கிறுக்கின பெயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அம்மாவின் வளையல் சத்தம் வருகிறதா என்று கேட்கிறேன், வரவில்லை. பஸ் வந்துவிட்டது. தட்டிக் கொடுத்துக்கொண்டே வந்தது வந்துவிட்டது. யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள், சுகந்தி மிஸ்ஸாகத்தான் இருக்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம் இசக்கி, ஆனால் அவளுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும், கையில் இல்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடை நுனிக்கு வந்து, “என் கண்ணு, என் செல்வமலரு, எந்திரிம்மா” என்றாள். எங்கிருந்து வந்தது அது. பேரே வைக்கவில்லை என்றுதானே அப்பா சொன்னார், நான் அப்படித்தானே சொன்னேன். ஒரு எண்ணுக்கு முகம் வேண்டும் என்று மிஸ் சொல்லியிருப்பார், முகத்துக்கு ஒரு பெயர் வேண்டும், மலிவாக ஒன்றை வைத்துவிட்டார்கள். கைதட்டல் எழும்புகிறது, முன்வரிசை எழுந்து நிற்கிறது, அந்தச் சத்தத்துக்குள் என் பக்கத்திலிருந்து மிகச் சின்னதாக, அங்கன்வாடியில் பிள்ளையை எடை போட்டுவிட்டு ஆயாவிடம் கிலோ சொல்கிற குரலில், அம்மா சொன்னாள்.

“அது பேரு அது இல்ல.”

நான் திரும்பினேன். அம்மா மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கன்னத்தில் சிரித்த சிரிப்பின் மிச்சம் அப்படியே நின்றிருந்தது, எடுக்க மறந்த மாதிரி. “அம்மா, நான் இவகிட்ட சொன்னது” என்று ஆரம்பித்தேன், அம்மா அதைக் கேட்கவில்லை. “உங்கப்பா உங்கிட்ட சொன்னாவளா” என்றாள். “ம்.” “எப்ப.” “நீ சங்கக் கூட்டத்துக்குப் போன அன்னைக்கு.” “பஸ்ஸுல வந்தாவன்னு சொன்னாவளா.” “ஆமா.” “எங்கிட்ட ஆம்புலன்சுல வந்தேன்னாவ.” கைதட்டல் ஓயவே மாட்டேன் என்கிறது. அம்மா என் பக்கம் இன்னும் சாய்ந்தாள், மல்லிகைப்பூ என் காதில் உரசியது. “இவ பேசுதது அவிய மாதிரி இல்லட்டி. நீ சொல்லு. அவிய கொரல்லயே சொல்லு, என்னெல்லாம் சொன்னாவ.” இந்த ஊரில் யார் கேட்டாலும் செய்வேன், கேட்காவிட்டாலும் செய்வேன், முதல் தடவையாக யோசிக்கிறேன். ஏனென்றால் இசக்கியிடம் இல்லாத ஒன்றுதான் இப்போது என்னிடம் பாக்கி இருக்கிறது, அதை யாரிடம் சொல்லக் கூடாது என்று அவர் சொன்னாரோ அவள் தன் காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு கேட்கிறாள். சொன்னால் நான் இசக்கி. சொல்லாவிட்டால் இவள் இன்றைக்கு வீட்டுக்கு அந்த விம்மலைத்தான் கொண்டுபோவாள், செல்வமலரைத்தான் கொண்டுபோவாள். என் விரல்கள் தாமாக இறால் உரிக்க ஆரம்பித்தன. அம்மா அந்த விரல்களைப் பார்த்தாள், அவளுக்குத் தெரிந்த விரல்கள்தானே. விம்மாமல், பஞ்சர் ஆன இடத்தைச் சொல்கிற மாதிரி, அம்மா காதுக்குள் அப்பா சொன்னார்.

“அம்மைட்ட கேட்டுராத மக்கா. அவ மறந்துட்டா. பாவம், மறந்தே இருக்கட்டும்.”

மேடையிலிருந்து இசக்கி இறங்கிவருகிறாள், ஜனங்கள் வழிவிடுகிறார்கள், அவள் கண் எங்கள் வரிசையைத் தேடுகிறது, பக்கத்தில் வந்துவிடுவாள், நிறைய பேர் அவள் முதுகைத் தட்டுகிறார்கள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. “மறந்துட்டேனாமா” என்று தன் மடியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், வலிக்கிற அளவுக்கு.

“இன்னொருக்கா சொல்லு” என்றாள்.